அருந்ததி பார்க்கப் போனால் ஆறு நட்சத்திரம்!

தாலி கட்டி, அம்மி மிதித்து முடிந்ததும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மண்டப வாசலுக்கு அழைத்துப் போவார்கள். புரோகிதர் மேலே கையைக் காட்டி, “அருந்ததி தெரியுதா?” என்று கேட்பார். காலை ஒன்பது மணி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “தெரியுது” என்று இரண்டு பேரும் தலையாட்டுவார்கள். சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். போட்டோகிராபர் அதையும் ஒரு க்ளிக் எடுத்துக்கொள்வார். ஆல்பத்தில் எல்லோரும் இருப்பார்கள், அருந்ததியைத் தவிர!

ஆனால், அருந்ததியை நிஜமாகவே கேமராவில் பிடிப்பதற்காக ராத்திரி மொட்டை மாடி ஏறுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பகலில் பேங்க் வேலை, பள்ளிக்கூட வேலை, கடை வேலை. இரவில் டெலஸ்கோப். சம்பளம் கிடையாது, ஆர்வம்தான் முதலீடு. இப்படிப்பட்ட அமெச்சூர் வானியலாளர்களில் ஒரு தனி ரகம் உண்டு. இவர்கள் தேடுவது ஒற்றை நட்சத்திரங்களை அல்ல. இரண்டாக, மூன்றாக, நான்காகச் சேர்ந்து வாழும் நட்சத்திரக் குடும்பங்களை. பார்ப்பதோடு நிற்காமல் படம் எடுக்கிறார்கள். படத்தை வைத்து அளக்கிறார்கள். அந்த அளவுகளை விஞ்ஞானிகளும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இதில் ஆச்சர்யம்.

எங்கே, எப்போது பார்ப்பது?

முதலில் அருந்ததியைக் கண்டுபிடிப்போம். சப்தரிஷி மண்டலம் பலருக்கும் தெரிந்திருக்கும். வடக்கு வானத்தில் ஏழு நட்சத்திரங்கள், நீண்ட கைப்பிடி வைத்த அகப்பை மாதிரி. அந்தக் கைப்பிடியில் மூன்று நட்சத்திரங்கள். நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு சின்னப் புள்ளி தெரிகிறதா? அதுதான் அருந்ததி. பழந்தமிழில் ‘வடமீன்’. வானியல் புத்தகங்களில் வசிஷ்டருக்கு மிசார் என்று பெயர், அருந்ததிக்கு அல்கோர்.

தமிழ்நாட்டில் இதைப் பார்க்க மே, ஜூன் மாதங்கள் வசதி. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்து நின்றால், அடிவானத்துக்கும் தலை உச்சிக்கும் நடுவில் நிற்கும். தை, மாசி முகூர்த்தக் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தாலும் அதே இடத்தில் பார்க்கலாம். ஆக, அதிகாலையிலேயே எழுந்துவிடும் கல்யாண வீட்டில், முகூர்த்தத்துக்குப் பிறகு காட்டுவதை முகூர்த்தத்துக்கு முன்பே காட்டினால் மணமக்கள் பொய் சொல்ல வேண்டியிருக்காது!

வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடையே தெரியும் இடைவெளி, முழு நிலவின் அகலத்தில் பாதியைவிடக் கொஞ்சம் குறைவு. கண் நன்றாக இருந்தால் கருவி எதுவும் வேண்டாம். நகர வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில் அருந்ததி மறைந்துவிடும். அங்கே ஒரு சாதாரண பைனாகுலர் போதும்.

இரண்டு, ஆறான கதை

இதுவரை இரண்டு பேர். இனிமேல்தான் கூட்டம் சேரப் போகிறது.

ஒரு சின்ன டெலஸ்கோப்பை வசிஷ்டர் பக்கம் திருப்பினால், அவரே இரண்டாகப் பிரிவார். பளிச்சென்று ஒன்று, அதைவிடச் சற்று மங்கலாக இன்னொன்று. 1617-ல் இத்தாலியில் பெனடெட்டோ காஸ்டெல்லி என்பவர் இதைக் கவனித்து, தன் குரு கலிலியோவையும் பார்க்கச் சொன்னார். கலிலியோ அளந்தும் வைத்தார். டெலஸ்கோப்பில் பார்த்துப் பிரித்தறியப்பட்ட முதல் நட்சத்திர ஜோடிகளில் இதுவும் ஒன்று.

240 வருடங்கள் கழித்து அதே ஜோடி இன்னொரு சாதனை படைத்தது. 1857-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் ஜார்ஜ் பாண்ட் என்பவர், ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டில் வசிஷ்டரையும் அருந்ததியையும் படம் பிடித்தார். இரட்டை நட்சத்திரம் ஒன்று போட்டோவில் விழுந்தது அதுதான் முதல் தடவை. பாண்ட் படத்தை மாட்டி அழகு பார்க்கவில்லை. தகட்டில் இருந்த புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, கண்ணால் பார்த்து அளப்பதற்குப் போட்டோ சளைத்ததல்ல என்று காட்டினார்.

1889-ல் ஹார்வர்டு வானாய்வகத்தின் எட்வர்டு பிக்கரிங் ஒரு புதிரை அறிவித்தார். வசிஷ்டரின் பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால், அதில் தெரியும் ஒரு கோடு சில நாள்கள் ஒன்றாகவும், சில நாள்கள் இரண்டாகவும் இருந்தது. அதாவது, அந்த ஒற்றைப் புள்ளிக்குள்ளேயே இரண்டு நட்சத்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பூமியை நோக்கி வரும்போது மற்றது விலகிப் போகிறது. இந்த ஆய்வில் அவருடன் உழைத்தவர் அன்டோனியா மோரி என்ற பெண் வானியலாளர். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20 நாள்தான் என்பது பிற்பாடு தெளிவானது.

1908-ல் வசிஷ்டரின் மங்கலான நட்சத்திரமும் இதே மாதிரி இரட்டை என்று தெரிந்தது. வசிஷ்டர் நான்கு பேர் ஆகிவிட்டார். அருந்ததி மட்டும் ஒருவராகவே இருந்தாள். 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அவளுக்கு அருகிலும் மங்கலான சிவப்புக் குள்ள நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆக மொத்தம் ஆறு! எல்லோரும் பூமியிலிருந்து சுமார் 83 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற செய்தி

‘மற்ற இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று நிற்கும், மற்றொன்று அதைச் சுற்றும். வசிஷ்டரும் அருந்ததியும் மட்டுமே ஒருவரையொருவர் சுற்றுகிறார்கள். இது முன்னோர்களுக்கு அப்போதே தெரியும்’ என்று ஒரு ஃபார்வேர்டு பல வருடங்களாகக் குடும்ப குரூப்புகளில் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், சரியில்லை.

எந்த இரட்டை நட்சத்திரத்திலும் ஒன்று அசையாமல் நிற்பதில்லை. இரண்டும் தங்களுக்குப் பொதுவான ஒரு மையத்தைத்தான் சுற்றுகின்றன. இரண்டு குழந்தைகள் கையைக் கோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றுகிறார்களே, அதேபோல. ஒரு குழந்தை குண்டாக இருந்தால் அது சின்ன வட்டம் போடும். ஒல்லிக் குழந்தை பெரிய வட்டம் போடும். நிற்பவர் யாருமில்லை.

இன்னொன்று. வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடையே குறைந்தது கால் ஒளியாண்டு இருக்கிறது. அவ்வளவு தள்ளி இருப்பவர்கள் ஒரு சுற்று முடிக்கப் பல லட்சம் வருடங்கள் ஆகும். அவர்கள் சுற்றுவதை வெறும் கண்ணால் யாரும் பார்த்திருக்க முடியாது. கருவியே இல்லாமல் இவ்வளவு நெருக்கமான ஒரு ஜோடியைத் தனித்துக் கவனித்து, பெயர் வைத்து, ஒரு சடங்கோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக நினைவில் நிறுத்தியதே முன்னோர்களின் கூர்மைக்குச் சாட்சி. அதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

பக்கத்தில் இருந்தால் ஜோடியா?

இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடி இருக்கிறது. வானத்தில் இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. அவை நிஜமாகவே ஜோடியா? அல்லது, ஒன்று அருகிலும் இன்னொன்று அதற்குப் பின்னால் வெகுதூரத்திலும் இருந்து, ஒரே நேர்க்கோட்டில் வருவதால் அப்படித் தோன்றுகிறதா? பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அருகில் உள்ள பனைமரமும் தூரத்துக் கோயில் கோபுரமும் ஒட்டி நிற்பதுபோல் தெரியுமே, அந்தக் கதைதான்.

ஒரு தடவை பார்த்து இதைச் சொல்ல முடியாது. எத்தனை பெரிய டெலஸ்கோப்பாக இருந்தாலும் ஒரே ஒரு படம் இதற்குப் பதில் சொல்லாது. மறுபடி மறுபடி, வருடக்கணக்கில், தலைமுறைக்கணக்கில் பார்க்க வேண்டும்.

இதை முதலில் செய்துகாட்டியவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் இசைக் கலைஞராக இருந்தவர். டெலஸ்கோப்பைத் தானே செய்து, தங்கை கரோலினின் உதவியோடு இரவெல்லாம் இரட்டை நட்சத்திரங்களைத் தேடினார். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 1781-ல் யுரேனஸ் கிரகம் அவர் கண்ணில் பட்டது! மறுவருடம் 269 ஜோடிகள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். இருபது வருடங்களுக்குப் பிறகு பழைய ஜோடிகளைத் திரும்ப அளந்து பார்த்தார். சில ஜோடிகள் திரும்பியிருந்தன. நேர்க்கோட்டுத் தற்செயல் என்றால் இப்படி வளைந்து திரும்பாது. 1803-ல் அவர் உலகத்துக்குச் சொன்னார்: இவை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் ஈர்ப்பு விசை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் முதல் ஆதாரம்.

அவர் சுட்டிக்காட்டிய ஜோடிகளில் முக்கியமானது காஸ்டர். புனர்பூசத்தில் பிறந்தவர்கள் கவனிக்கவும்: மிதுனத்தில் அருகருகே இருக்கும் இரண்டு பிரகாச நட்சத்திரங்கள்தான் புனர்பூசம். அவற்றில் ஒன்று காஸ்டர். அதுவும் ஆறு நட்சத்திரங்கள் கொண்ட கூட்டுக் குடும்பம். அதில் டெலஸ்கோப்பில் எளிதாகத் தெரியும் இரண்டு பேர் ஒரு சுற்று சுற்ற சுமார் 450 வருடங்கள் ஆகும். ஹெர்ஷல் அறிவித்த நாளிலிருந்து இன்றுவரை அவர்கள் பாதிச் சுற்றுதான் போயிருக்கிறார்கள்!

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. அல்பிரியோ என்ற ஜோடி, அமெச்சூர்களின் செல்லப்பிள்ளை. தங்க நிறத்தில் ஒன்று, நீல நிறத்தில் ஒன்று. நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்த இரண்டு கற்கள் மாதிரி இருக்கும். இதைவிடப் பொருத்தமான ஜோடி உண்டா என்று தோன்றும். ஆனால், ‘கையா’ விண்கலம் அளந்து அனுப்பிய தகவல்களைப் பார்த்தால், இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகின்றன. உண்மையான ஜோடி இல்லை என்ற பக்கம்தான் இப்போது தராசு சாய்ந்திருக்கிறது. அழகுப் பொருத்தம் வேறு, உறவு வேறு!

புதுச்சேரியில் பிரிந்த நட்சத்திரம்

இரட்டை நட்சத்திர வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் தங்கியிருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஒரு வால்நட்சத்திரத்தை டெலஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அருகிலிருந்த பிரகாசமான ஒரு நட்சத்திரத்தின் பக்கம் கருவியைத் திருப்பியபோது, அது இரண்டாகத் தெரிந்தது. அதுதான் ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலேயே வராது. தமிழ்நாட்டில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே, தாழ்வாகத் தெரியும். திரிசங்கு என்கிற தென் சிலுவைக்கு இடது பக்கம் இரண்டு பிரகாச நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றில் இடது ஓரத்தில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. தெற்குப் பக்கம் கட்டடம் மறைக்காத கடற்கரையோ வயல்வெளியோ கிடைத்தால் நல்லது.

இந்த இரண்டு பேரும் ஒரு சுற்று முடிக்க சுமார் 80 வருடங்கள். புதுச்சேரிப் பாதிரியார் பார்த்த பிறகு நான்கு சுற்று முடிந்துவிட்டது. மூன்றாவதாக பிராக்ஸிமா என்ற மங்கலான தம்பி ஒருவர் வெகுதூரம் தள்ளி நிற்கிறார். அவர் 1915-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டார். பூமியிலிருந்து 4.24 ஒளியாண்டு. சூரியனை விட்டால் இவர்தான் பக்கத்து வீட்டுக்காரர்.

போன் போதுமா?

படம் எடுப்பதற்கு வருவோம். அருந்ததியையும் வசிஷ்டரையும் தனித்தனியாகப் பிடிக்க ஸ்மார்ட்போனே போதும். போனை ட்ரைபாடில் வைக்க வேண்டும். ட்ரைபாட் இல்லையென்றால் செங்கல்லோ அரிசி நிரப்பிய பையோ முட்டுக்கொடுக்கலாம். கேமராவில் ‘ப்ரோ’ மோடு இருந்தால் ஃபோகஸை முடிவிலிக்கு நகர்த்தி, நான்கைந்து விநாடி எக்ஸ்போஷர் வைத்து, மூன்று விநாடி டைமரில் எடுக்க வேண்டும். கையால் அழுத்தும்போது வரும் ஆட்டத்தை டைமர் தவிர்த்துவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கைப்பிடியின் நடுவில் இரண்டு புள்ளிகள்.

வசிஷ்டரையே இரண்டாகப் பிரித்து எடுக்க டெலஸ்கோப் வேண்டும். இங்கே ஓர் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. ஒரு விகலை என்பது எவ்வளவு? பத்து ரூபாய் நாணயத்தை ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி வைத்தால் தெரியும் அகலம். வசிஷ்டரின் இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடைவெளி சுமார் 14 விகலை. காஸ்டரில் சுமார் 5 விகலை.

எந்த டெலஸ்கோப் எவ்வளவு பிரிக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 116-ஐ டெலஸ்கோப் வாயின் அகலத்தால், அதாவது மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். 60 மி.மீ. கருவி சுமார் 2 விகலை வரை பிரிக்கும், 100 மி.மீ. கருவி 1.16 விகலை, 150 மி.மீ. கருவி 0.77. ஆக, மாணவர்கள் வைத்திருக்கும் சின்ன டெலஸ்கோப்புக்கே வசிஷ்டரும் காஸ்டரும் வசப்படுவார்கள்.

கணக்கில் பிரிந்தாலும் வானத்தில் பிரியாமல் போவதற்குக் காரணம், காற்று. அடுப்புக்கு மேலே பார்த்தால் எதிர்ச்சுவர் நெளிகிற மாதிரி, காற்று மண்டலத்தில் சூடும் குளிரும் கலந்து நட்சத்திரத்தை நெளிக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மாடி, இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் பின்னிரவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அல்லது மண் தரையில் நின்று பார்க்கிறார்கள். வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த டெலஸ்கோப்பையும் அரை மணி நேரமாவது வெளியே ஆறவிடுகிறார்கள்.

ஆயிரத்தில் நூறு

காற்றின் நெளிவைத் தோற்கடிக்க அமெச்சூர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நீண்ட போட்டோ எடுப்பதில்லை. எடுத்தால் நெளிவெல்லாம் சேர்ந்து இரண்டு நட்சத்திரமும் ஒரே பஞ்சு உருண்டை ஆகிவிடும். அதற்குப் பதிலாக வீடியோ எடுக்கிறார்கள். விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் ஃப்ரேம்கள், ஆயிரம் இரண்டாயிரம். அவற்றில் பெரும்பாலானவை நெளிந்திருக்கும். ஆனால், காற்று கண நேரம் மூச்சடக்கி நின்ற சில ஃப்ரேம்களில் இரண்டு நட்சத்திரமும் ஊசிமுனைபோல் விழுந்திருக்கும். ‘ஆட்டோஸ்டாக்கர்ட்’ போன்ற இலவச மென்பொருள், அந்த நல்ல ஃப்ரேம்களை மட்டும் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாகத் தந்துவிடும். ஆயிரத்தில் நூறு தேறினால் அது நல்ல ராத்திரி.

சவால் வேண்டும் என்பவர்களுக்கு சிரியஸ் இருக்கிறது. இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம். அதன் அருகே ஒரு துணை இருக்க வேண்டும் என்று 1844-ல் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர், சிரியஸின் தள்ளாட்டத்தை வைத்தே கணித்தார். 1862-ல் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் என்பவர் ஒரு புதிய டெலஸ்கோப்பைச் சோதித்தபோது அதைக் கண்ணால் கண்டார். அது வெண்குள்ளன் வகை. பூமி அளவு உடம்பு, சூரியன் அளவு எடை! இந்த வகை நட்சத்திரங்களுக்கு எடை வரம்பு உண்டு என்று பிற்பாடு கணக்குப் போட்டவர்தான் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சிரியஸ் தன் துணையைவிடப் பல ஆயிரம் மடங்கு பிரகாசம். கார் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பறக்கும் மின்மினியைப் பார்க்கிற வேலை இது. ஆனால், 50 வருடச் சுற்றில் இரண்டும் மிகவும் விலகித் தெரியும் காலம் இதுதான். இடைவெளி சுமார் 11 விகலை. தவறவிட்டால் அடுத்த நல்ல காலத்துக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். லண்டனில் சிரியஸ் அடிவானத்தை ஒட்டிக் காற்றில் துடித்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் மாசி மாத இரவில் 60 பாகை உயரத்தில் நிற்கும். ஊர் தரும் இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ள 150 முதல் 200 மி.மீ. டெலஸ்கோப்பும் காற்று அடங்கிய ஓர் இரவும் தேவை.

அளவில் பொய் வரக் கூடாது

படம் வந்துவிட்டது. அளப்பது எப்படி? இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, இடைவெளி எத்தனை விகலை. இரண்டாவது, துணை நட்சத்திரம் எந்தத் திசையில் இருக்கிறது என்ற கோணம். வடக்கிலிருந்து தொடங்கிக் கிழக்கு வழியாக இதை எண்ணுவார்கள்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, பூமியே அளவுகோல்! டெலஸ்கோப்பின் மோட்டாரை நிறுத்தினால், பூமி சுழல்வதால் நட்சத்திரம் படத்தின் குறுக்கே நகரும். நகரும் திசை மேற்கு. அதிலிருந்து வடக்கு தெரிந்துவிடும். நகரும் வேகமும் முன்கூட்டியே தெரிந்ததுதான். வசிஷ்டர் இருக்கும் இடத்தில் விநாடிக்கு 8.6 விகலை. பத்து விநாடியில் நட்சத்திரம் 600 பிக்சல் நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 86 விகலைக்கு 600 பிக்சல். படத்தில் இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவே 100 பிக்சல் இருந்தால், இடைவெளி 14.3 விகலை. எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த விகிதக் கணக்கு!

ஒரே ராத்திரியோடு விட்டுவிடக் கூடாது. நான்கைந்து இரவுகள் அளந்து, சராசரி எடுத்து, எவ்வளவு முன்பின் வந்தது என்பதையும் எழுத வேண்டும். எதிர்பார்த்த எண் வரவில்லை என்பதற்காக அளவைத் திருத்தவும் கூடாது. பட்டியலில் இருக்கும் எண்ணை முதலில் பார்த்துவிட்டு அளந்தால், கை தானாகவே அந்தப் பக்கம் சாயும். அதனால் அனுபவசாலிகள் அளந்த பிறகுதான் பட்டியலைத் திறக்கிறார்கள்.

அளவு கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு கதை உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் அளவுகளை ஆராய்ந்தார். கணக்குப்படி போக வேண்டிய பாதையிலிருந்து அது சற்று விலகியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அதை இழுக்கக்கூடும் என்று 1855-ல் அறிவித்தார். சூரியனல்லாத நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று அளவுகளை வைத்துச் சொன்ன முதல் முயற்சிகளில் அது ஒன்று. பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது கிரகம் காணாமல் போனது. ஜேக்கப் திறமைசாலி, நேர்மையானவர். ஆனால், தலைமுடியைவிட மெல்லிய பிழைகள் சேர்ந்து இல்லாத ஒரு கிரகத்தையே காட்டிவிட்டன.

பகலில் கோர்ட், இரவில் வானம்

இத்தனை பெரிய விண்கலங்கள் இருக்கும்போது மாடியில் நிற்பவரின் அளவு எதற்கு? இதே கேள்வியை 1870-களிலேயே கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னவர் ஷெர்பர்ன் வெஸ்லி பர்னம். சிகாகோ கோர்ட்டில் சுருக்கெழுத்தர். வானியலில் பட்டம் எதுவும் இல்லாதவர். கண்டுபிடிக்க வேண்டிய ஜோடிகளையெல்லாம் பெரிய டெலஸ்கோப்புகள் கண்டுபிடித்துவிட்டன என்று பலரும் நினைத்திருந்த காலத்தில், ஆறு அங்குல டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு அவர் புதிய ஜோடிகளை அடுக்கினார். வாழ்நாளில் அவர் கண்டுபிடித்தவை 1,300-க்கும் மேல். 1906-ல் அவர் வெளியிட்ட பெரும்பட்டியலில் 13,665 ஜோடிகள் இருந்தன. பெரிய வானாய்வகங்கள் அவரைக் கூப்பிட்டுத் தங்கள் கருவிகளைக் கையில் கொடுத்தன. கோர்ட் வேலையை மட்டும் பல காலம் அவர் விடவில்லை.

இன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் வாஷிங்டன் இரட்டை நட்சத்திரப் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஜோடிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் அடிக்கடி பார்க்கத் தொழில்முறை விஞ்ஞானிகளுக்கு ஏது நேரம்? ‘கையா’ விண்கலம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களைத் துல்லியமாக அளந்தது. ஆனால், மிகப் பிரகாசமான நட்சத்திரங்கள் அதன் கண்ணைக் கூசவைத்தன. அது வேலை செய்ததும் பத்துப் பன்னிரண்டு வருடங்கள்தான். 450 வருடச் சுற்றில் அது ஒரு துளி. பல வருடங்களாக யாரும் திரும்பிப் பார்க்காத ஜோடி ஒன்றை ஒரு பள்ளி ஆசிரியரும் மாணவர்களும் ஒழுங்காக அளந்து, அதற்கென இருக்கும் இதழில் வெளியிட்டால், அந்த எண்ணும் கணக்கில் சேரும். 2005 முதல் வரும் இரட்டை நட்சத்திர ஆய்விதழ் ஒன்றில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் நிறையவே இருக்கின்றன.

நட்சத்திர ஜோடியின் முழுச் சுற்றையும் பார்க்க ஒரு மனித ஆயுள் பெரும்பாலும் போதாது. காஸ்டரின் வட்டத்தில் ஹெர்ஷல் வைத்தது சில புள்ளிகள். அவருக்குப் பிறகு வந்தவர்கள் வைத்தவை சில. வட்டம் மூடும் நாளில் அவர்களில் யாரும் இருக்கப் போவதில்லை. ஆனாலும், நடுவில் ஒரு புள்ளி பொய்யாக இருந்தால் வரைபடம் கோணலாகிவிடும். ஆகவே வைக்கிற புள்ளி சின்னதாக இருந்தாலும் சரியாக இருக்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு முதல் தேவை டெலஸ்கோப் அல்ல, ஒரு நோட்டு. தேதி, நேரம், ஊர், வானம் எப்படி இருந்தது, என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எழுதி வைக்கலாம். ‘இன்று அருந்ததி தெரியவில்லை, மேகம்’ என்பதும் ஒரு பதிவுதான். குழந்தைகளிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் புள்ளி வைத்து வரையச் சொல்லலாம். பிறகு அந்த நோட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஆல்ஃபா சென்டாரியை இன்று பார்த்துக் குறித்து வைக்கும் பத்து வயதுச் சிறுமி, 90 வயதில் தன் கொள்ளுப் பேத்தியோடு அதே மாடியில் நின்றால், இரண்டு நட்சத்திரங்களும் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கும். பழைய பக்கத்தைத் திறந்து, சரியாகத்தான் குறித்தோமா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்!